விழுவது புரோகிராம், தள்ளிவிடுவது எது?

ஒலிப்பதிவு அறைகளில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் தொழில். 20 வருடமாக இதே வேலை. இந்த மாதம் வந்த கடிதங்களை விரித்து வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே புகார்: "பதிவு செய்துகொண்டிருக்கும்போதே மென்பொருள் மூடிக்கொள்கிறது." ஆகவே இந்த இதழை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறேன். விண்டோஸ் லேப்டாப், யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி). பழைய இன்டர்ஃபேஸைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினேன். புதியது வந்த நாளிலிருந்து பதிவு மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்கிறது. முகப்புப் படம் வரும், கீழே "ஆடியோ சாதனங்கள்" என்று ஏதோ ஓடும், அத்தோடு மறைந்துவிடும். ஒரு பிழைச் செய்தி கூட இல்லை. மூன்று தடவை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். அதேதான். விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாமா?
(பாடகி)

பதில்: வேண்டாம். விண்டோஸில் கை வைக்காதீர்கள். மென்பொருளையும் நான்காவது முறை நிறுவ வேண்டாம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய "பழைய இன்டர்ஃபேஸ்" என்ற சொல்தான் என் கண்ணில் பட்டது. அந்தப் பெட்டி தோழி வீட்டுக்குப் போய்விட்டது. அதன் டிரைவர், அதாவது அந்தப் பெட்டியோடு கம்ப்யூட்டர் பேச உதவும் சிறு மென்பொருள், உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கிறது. புதிய பெட்டி வந்த அன்றுதான் தொல்லை ஆரம்பித்தது என்பதால் எல்லோரும் புதியதைத்தான் சந்தேகப்படுவார்கள். அதே நாளில் பழையது வெளியே போனதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். விண்டோஸின் பொது ஒலிப்பாதையில் போனால் தாமதம் அதிகம் என்பதால், 1997இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் ஆஸியோ என்ற நேர்வழியை வகுத்தது. இன்றைக்கும் விண்டோஸில் பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறார்கள். அதில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸியோ டிரைவர் தனியாக ஓர் ஓரத்தில் ஓடுவதில்லை. பதிவு மென்பொருள் அதைத் தனக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. டிரைவருக்குள் ஒரு தப்பு நடந்தால், விண்டோஸின் கணக்கில் அது மென்பொருள் செய்த தப்பு. முழு மென்பொருளையும் மூடிவிடும்.

கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் ஆஸியோ டிரைவர்கள் எல்லாவற்றையும் சில மென்பொருள்கள் தொடக்கத்திலேயே ஒவ்வொன்றாக எழுப்பி, "உன்னிடம் எத்தனை சேனல், எந்தெந்த சாம்பிள் ரேட்?" என்று கேட்கும். (சாம்பிள் ரேட் என்றால் ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறது என்பது.) ஒழுங்காக எழுதப்பட்ட டிரைவர், தன் பெட்டி மாட்டப்படவில்லை என்றால் "இல்லை" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மற்றது, இல்லாத பெட்டியைத் தேடிக் கைவிட்டு, தானும் விழுந்து மென்பொருளையும் இழுத்துக்கொண்டு போகும். மூன்று முறை மறுபடி நிறுவியும் பலன் இல்லாததற்குக் காரணமும் இதுதான். நீங்கள் நீக்கியது மென்பொருளை மட்டும். டிரைவரும் அப்படியே இருந்தது. மென்பொருளின் அமைப்புக் கோப்புகளும் உங்கள் பயனர் கணக்கின் கீழ் அப்படியே இருந்தன. புதிதாக வந்ததும் பழைய குறிப்பையே படித்தது.

இப்போது செய்ய வேண்டியது. எல்லா யூஎஸ்பி ஒலிக்கருவிகளையும் கழற்றுங்கள். ப்ளூடூத்தை அணையுங்கள். ஸ்டார்ட் மெனுவில் "ஈவன்ட் வியூவர்" என்று தேடித் திறந்து, இடப்பக்கம் "விண்டோஸ் லாக்ஸ்", அதன் கீழ் "அப்ளிகேஷன்". மென்பொருள் மறைந்த நேரத்துக்கு நேராகச் சிவப்பு அடையாளத்தோடு ஒரு வரி இருக்கும். ஈவன்ட் ஐடி 1000. அதைத் தட்டினால் கீழே விவரம் வரும். முதல் வரியில் "ஃபால்ட்டிங் அப்ளிகேஷன்" என்று உங்கள் மென்பொருளின் பெயர் இருக்கும். அது தெரிந்த கதை, விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே "ஃபால்ட்டிங் மாட்யூல்" என்று ஒரு டிஎல்எல் கோப்பின் பெயர் இருக்கும். அதில் பழைய பெட்டியின் பெயரோ, தயாரித்தவர் பெயரின் முதல் சில எழுத்துகளோ தெரிந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. ஒரு எச்சரிக்கை: அங்கே "என்டிடிஎல்எல்" என்று இருந்தால் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். அது எல்லாப் புரோகிராமும் நடமாடும் நடுக்கூடம். வேறு யாரோ செய்த தப்பு அங்கே வந்து வெடித்திருக்கும். அப்போது இந்தத் தடயம் போதாது. கழற்றிக் கழற்றிப் பார்க்கும் வழிதான்.

தடயம் கிடைத்தால், "இன்ஸ்டால்ட் ஆப்ஸ்" பட்டியலில் பழைய பெட்டியின் டிரைவரைத் தேடி நீக்குங்கள். கம்ப்யூட்டரை ஒரு தடவை மறுதொடக்கம் செய்யுங்கள். இதைத் தவறவிட வேண்டாம். பிறகு எந்தக் கருவியும் மாட்டாமல் மென்பொருளைத் திறந்து பாருங்கள். திறந்தால், அப்புறம் புதிய பெட்டியை மாட்டி, அமைப்புக்குள் போய் அதன் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

டிரைவரை நீக்கியும் திறக்கவில்லையா? மென்பொருள் கடைசியாகப் பிடித்திருந்த கருவியை மறக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பதிவு மென்பொருளுக்கும் ஒரு வழி உண்டு. ப்ரோ டூல்ஸ் திறக்கும்போது ஆங்கில "என்" விசையை அழுத்திப் பிடித்தால், ஒலிக்கருவியை முதலில் கேட்டுவிட்டுத்தான் மேலே போகும். க்யூபேஸில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்தால், பழைய அமைப்புகளை ஒதுக்கிவிட்டுத் திறக்கவா என்று கேட்கும். ரீப்பருக்கு ஸ்டார்ட் மெனுவிலேயே, அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்பித் தொடங்கும் வழி இருக்கிறது.

எதையுமே மாட்டாமல், ஒலிக்கருவி "இல்லை" என்றே வைத்தும் விழுகிறதா? அப்படியானால் என் சந்தேகம் பிளகின் (பதிவு மென்பொருளோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு புரோகிராம்) பக்கம் திரும்பும். அது வேறு கதை. தனியாக எழுதுங்கள்.

கேள்வி: அண்ணா, கல்லூரி மாணவன். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. பதிவுப் பொத்தானை அழுத்தினால் மட்டும் பாட்டு ஃபோனில் பேசுகிற மாதிரி மங்கிப்போய், இரண்டு மூன்று வினாடியில் மென்பொருள் நின்றுவிடுகிறது. ஹெட்ஃபோன் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, தம்பி. அந்த ஹெட்ஃபோனுக்கு இரண்டு முகம். பாட்டு கேட்க மட்டும் பயன்படும்போது இரண்டு சேனல், 44,100 அல்லது 48,000 சாம்பிள் ரேட். அதிலிருக்கும் மைக்கை யாராவது திறந்தால் அந்த நொடியே பேச்சு முகத்துக்கு மாறிவிடும். அங்கே ஒரே சேனல், 16,000. பழைய வகையானால் 8,000தான். நீ பதிவை அழுத்தியதும் மென்பொருள் "இயல்பான மைக்" எதுவென்று பார்க்கிறது. விண்டோஸ் ஹெட்ஃபோன் மைக்கைக் காட்டுகிறது. அதைத் திறந்ததுமே, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் சாம்பிள் ரேட் காலடியிலிருந்து உருவப்படுகிறது. நல்ல மென்பொருள் நின்று ஒரு செய்தி காட்டும். மற்றவை விழும்.

உள்ளீட்டில் லேப்டாப் மைக்கையோ யூஎஸ்பி மைக்கையோ பெயர் சொல்லித் தேர்ந்தெடு. "டீஃபால்ட்" என்று விடாதே. மேக் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே பதில்தான். ஆனால் பாடிப் பதிவு செய்யப் போகிறாய் என்றால் ப்ளூடூத்தை அந்த நேரத்துக்கு அணைத்துவிட்டுக் கம்பி ஹெட்ஃபோன் மாட்டிக்கொள். ப்ளூடூத்தில் ஒலி உன் காதுக்கு வந்து சேரும் தாமதத்தை எந்த அமைப்பாலும் முழுதாகப் போக்க முடியாது. தாளத்துக்குப் பின்னால் பாடிக்கொண்டே இருப்பாய், உன் மேல் தப்பில்லாமலேயே.

கேள்வி: போன இதழில் "ஐந்து நிமிடம் சும்மா விட்டால் புரோகிராம் தொங்குகிறது" என்று எழுதியிருந்தேன். பஃபரை (ஒலியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் தற்காலிக இடம்) மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன், போகவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: திரை தூங்கப் போகும்போதுதான் நடக்கிறது.
(பள்ளி இசை ஆசிரியை)

பதில்: போன இதழில் நான் சொன்னது தவறான திசை. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கவனிப்புதான் சரியான தடயம். உங்கள் மானிட்டர் எச்டிஎம்ஐ கம்பியில் இணைந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கம்பியில் படத்தோடு ஒலியும் போகிறது. அதனால் கம்ப்யூட்டரின் பார்வையில் மானிட்டரும் ஓர் ஒலிக்கருவி, உள்ளே ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் கூட. திரை தூங்கினால் அந்தக் கருவி பட்டியலிலிருந்தே மறைந்துவிடலாம். மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் நட்டாற்றில் விட்ட மாதிரிதான்.

இதை நான் கற்றுக்கொண்ட நாளை மறக்க முடியாது. 14 குழந்தைகள் சேர்ந்து பாடும் பதிவு. ஒத்திகை நீண்டுவிட்டது, யாரும் மவுஸைத் தொடவில்லை. பதிவு ஆரம்பித்து நாலாவது வரியில் திரை கறுத்தது, என் ஹெட்ஃபோனில் "டக்" என்று ஒரே ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் பாடிக்கொண்டேயிருக்கிறார்கள். அவர்கள் வாய் அசைவது தெரிகிறது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குக் காலையில்தான் யாரோ புது மானிட்டர் மாட்டியிருந்தார்கள். விண்டோஸ் தானாகவே அதை இயல்பான ஒலிக்கருவியாக்கியிருந்தது. நான் சரிபார்க்கவில்லை. குழந்தைகள் இரண்டாம் முறை பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். ஆனால் முதல் முறையில் இருந்த அந்த எழுச்சி அதில் இல்லை.

அன்றிலிருந்து என் பொறுப்பில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் முதல் வேலை: "சவுண்ட்" அமைப்பைத் திறந்து, மானிட்டரின் பெயரில் இருக்கும் ஒலிக்கருவியின் மேல் வலது பொத்தானை அழுத்தி "டிஸேபிள்". படம் வரும், ஒலிக்கருவியாக மட்டும் அது இனித் தலைகாட்டாது. பதிவு நேரத்தில் திரை தூங்கும் அமைப்பையும் "நெவர்" என்று வையுங்கள்.

கேள்வி: இரண்டு பேர் பேசும் உரையாடலைப் பதிவு செய்ய, இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே லேப்டாப்பில் சேர்த்து மாட்டியிருக்கிறோம். இணையத்தில் கிடைத்த பொது ஆஸியோ டிரைவர் மூலம் இரண்டும் தெரிகின்றன. முதலில் சரியாக இருக்கிறது. போகப் போக "டிக் டிக்" சத்தம். 20 நிமிடம் தாண்டினால் மென்பொருளே நின்றுவிடுகிறது.

பதில்: ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. இரண்டும் 48,000 என்றுதான் சொல்லும். ஆனால் எந்த இரண்டு கடிகாரமும் அச்சாக ஒரே வேகத்தில் ஓடாது. உதாரணத்துக்கு, இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 2.4 சாம்பிள் விலகும். பஃபர் 256 என்றால் ஏறக்குறைய 107 வினாடிக்கு ஒரு தடவை ஒரு பஃபர் முழுவதும் கூடிப்போகும் அல்லது குறைந்துபோகும். அந்த இடத்தில்தான் நீங்கள் கேட்கும் "டிக்". 20 நிமிடத்தில் சேரும் விலகல் 2,880 சாம்பிள், அதாவது 60 மில்லிவினாடி. இதைச் சரிக்கட்டத் தெரியாத டிரைவர், ஒரு கட்டத்தில் தன்னையே திருப்பித் தொடங்கப் பார்க்கும். அப்போதுதான் மென்பொருள் நிற்கிறது.

மேக்கில் "ஆடியோ மிடி செட்டப்" என்ற புரோகிராமில் இரண்டு கருவிகளை "அக்ரிகேட் டிவைஸ்" ஆகச் சேர்த்து, ஒன்றைக் கடிகாரமாக வைத்து, மற்றதற்கு "டிரிஃப்ட் கரெக்ஷன்" போடலாம். பேச்சுக்கு அது போதும். விண்டோஸில் என் அனுபவத்தில் நிம்மதி தருவது ஒரே வழி: இரண்டு உள்ளீடு உள்ள ஒரே இன்டர்ஃபேஸ், சாதாரணக் கம்பி மைக் இரண்டு. ஒரே பெட்டி, ஒரே கடிகாரம். அதற்கு வசதிப்படும் வரை, இரண்டு பேரும் ஒரே மைக்கின் முன்னால் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். நன்றாகப் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்பவருக்குக் குறையே தெரியாது.

கேள்வி: பஃபர் எவ்வளவு வைப்பது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: பாடும்போது 128 அல்லது 256. பதிந்த தடங்களைக் கலக்கும்போது 1,024. 48,000 சாம்பிள் ரேட்டில் 256 என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லிவினாடி; 1,024 என்றால் 21.3. உள்ளே போகவும் வெளியே வரவும் சேர்த்தால் இரட்டிப்புக்கு மேல் ஆகும். பஃபர் போதாவிட்டால் பொதுவாகக் கரகரப்புதான் வரும், மென்பொருள் விழாது. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பஃபரை மாற்றாதீர்கள். அந்த நொடியில் டிரைவர் எல்லாவற்றையும் கலைத்துத் திரும்ப அடுக்குகிறது. பலவீனமான டிரைவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் உலாவியில் பயிற்சிப் பாடத்தை ஓடவிட்டு, இன்னொரு பக்கம் கிட்டார் வாசித்துப் பதிவு செய்வேன். வீடியோ ஆரம்பித்தால் மென்பொருளில் பாட்டின் சுருதி மாறுகிறது அல்லது எல்லாமே உறைந்துவிடுகிறது.

பதில்: சுருதி மாறுகிறது என்று கவனித்து எழுதியதற்கு நன்றி, அதிலேயே விடை இருக்கிறது. இரண்டு பேர் ஒரே பெட்டியை இழுக்கிறார்கள். உங்கள் பாட்டு 44,100இல் இருக்கிறது, விண்டோஸ் அதே இன்டர்ஃபேஸுக்கு 48,000 என்று வைத்திருக்கிறது. வீடியோ தொடங்கியதும் பெட்டி அந்தப் பக்கம் தாவுகிறது. 44,100இல் பதிந்ததை 48,000இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் உயரும். உங்கள் காதுக்குப் பட்டது அதுதான்.

விண்டோஸின் இயல்பான ஒலிக்கருவியாக லேப்டாப் ஸ்பீக்கரையே வைத்துவிடுங்கள். வீடியோவும் அறிவிப்பு மணிகளும் அதில் கேட்கட்டும். இன்டர்ஃபேஸ் பதிவு மென்பொருளுக்கு மட்டும். இரண்டும் ஒரே ஹெட்ஃபோனில் கேட்டாக வேண்டும் என்றால், இரண்டு இடத்திலும் சாம்பிள் ரேட்டை ஒன்றாக வையுங்கள்.

கேள்வி: கீபோர்டும் இன்டர்ஃபேஸும் ஒரே யூஎஸ்பி ஹப்பில். லேப்டாப்பை மூடித் திறந்தால் மென்பொருள் காலி. சில நாள் மூடாமலே காலி.

பதில்: இன்டர்ஃபேஸை ஹப்பிலிருந்து எடுத்து லேப்டாப்பில் நேராக மாட்டுங்கள். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தரக்கூடிய மின்சாரம் 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3.0 என்றால் 900. தனி மின்சாரம் இல்லாத ஹப் அந்த ஒரு பங்கைத்தான் எல்லோருக்கும் பிரிக்கிறது. மைக்குக்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவரும் போட்டால் பெட்டிக்கு மூச்சு திணறும். ஒரு கண நேரம் தொடர்பு அறுந்தாலும் மென்பொருளுக்கு அது கம்பியைப் பிடுங்கியது போலத்தான். கம்பியையும் மாற்றிப் பாருங்கள். விண்டோஸின் "பவர் ஆப்ஷன்ஸ்" உள்ளே "யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்" என்பதை அணையுங்கள். லேப்டாப்பை மூடும் முன் மென்பொருளை மூடுங்கள். இந்தக் கடைசிப் பழக்கத்துக்கு ஈடான மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: டிரைவர் போடாமலே என் இன்டர்ஃபேஸ் விண்டோஸில் வேலை செய்கிறதே? பிறகு எதற்குத் தயாரிப்பாளரின் டிரைவர்?

பதில்: 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, யூஎஸ்பி ஆடியோ 2 வகைப் பெட்டிகளுக்கான பொது டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கேட்பதற்கும் பேசுவதற்கும் அது போதும். குறைந்த தாமதத்தில் பாடிப் பதிவு செய்ய, தயாரிப்பாளர் தரும் ஆஸியோ டிரைவரைப் போடுங்கள். பொது டிரைவர், தயாரிப்பாளர் டிரைவர், போதாததற்கு இணையத்தில் எடுத்த இன்னொன்று என்று மூன்றையும் அடுக்கி வைக்காதீர்கள். முதல் கேள்வியில் பார்த்த வம்பு அப்படித்தான் பிறக்கிறது.

கேள்வி: மேக்கைப் புதுப்பித்த பிறகு மென்பொருள் ஓடுகிறது, பதிவும் ஆகிறது, ஆனால் பதிவில் ஒலியே இல்லை.

பதில்: சிஸ்டம் செட்டிங்ஸில் "பிரைவசி" பகுதிக்குப் போய் "மைக்ரோஃபோன்" பட்டியலில் உங்கள் மென்பொருளுக்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள். 2018இல் வந்த மொஹாவே என்ற மேக் பதிப்பிலிருந்து இந்த அனுமதி கட்டாயம். கொடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

கேள்வி: என் வயலின் ஆசிரியருக்கு வயதாகிவிட்டது. கை நடுக்கம். போன வாரம் அபூர்வமாக நன்றாக இருந்தார், "இன்று வாசிக்கிறேன், பதிந்துகொள்" என்றார். ஐந்து நிமிடத்துக்கு அருகில் வாசித்து முடிக்கும் நேரத்தில் இன்டர்ஃபேஸின் விளக்கு அணைந்தது, மென்பொருளும் மூடிக்கொண்டது. பதிவுக் கோப்புறையில் ஒரு வேவ் கோப்பு இருக்கிறது. 4.15 கோடி பைட். ஆனால் திறந்தால் 0 வினாடி என்கிறது. 24 பிட், 48,000, ஒரே சேனல். அவரை மறுபடி வாசிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு இதற்குத்தான் முதலில் உட்கார்ந்தேன். ஆசிரியர் வாசித்தது பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது.

எதற்கும் முன்னால், அந்தக் கோப்புறை முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். நகல் எடுக்கும் வரை பதிவு மென்பொருளைத் திறக்க வேண்டாம். சில மென்பொருள்கள் திறந்ததும் அரைகுறைக் கோப்புகளைத் துடைத்துவிடும். இனிச் சொல்வதெல்லாம் நகலின் மேல் மட்டும்.

வேவ் கோப்பின் தலைப்பில் ஒரு சிறு முகவரிச் சீட்டு இருக்கும். சாதாரணமாக 44 பைட். எத்தனை பிட், எத்தனை சேனல், ஒலி எவ்வளவு நீளம் என்று அதில் எழுதியிருக்கும். நீளம் பதிவு முடிந்த பிறகுதான் தெரியும் என்பதால், பல மென்பொருள்கள் முதலில் அந்த இடத்தில் 0 போட்டுவிட்டு, நீங்கள் நிறுத்தியதும் திரும்பி வந்து நிரப்பும். உங்கள் மென்பொருளுக்குத் திரும்பி வர நேரம் கிடைக்கவில்லை. ஒலி முழுவதும் வட்டில் எழுதப்பட்டிருக்கிறது. சீட்டில் மட்டும் 0.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பிட் என்றால் ஒரு சாம்பிளுக்கு 3 பைட். வினாடிக்கு 48,000 சாம்பிள். ஆக வினாடிக்கு 1,44,000 பைட். 4.15 கோடியை அதால் வகுத்தால் 288 வினாடி, அதாவது 4 நிமிடம் 48 வினாடி. "ஐந்து நிமிடத்துக்கு அருகில்" என்றீர்களே, அது அங்கே இருக்கிறது.

அடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளைத் திறந்துகொள்ளுங்கள். "ஃபைல்" மெனுவில் "இம்போர்ட்", அதற்குள் "ரா டேட்டா". நகல் கோப்பைக் காட்டுங்கள். ஒரு சிறு சாளரம் கேள்வி கேட்கும். என்கோடிங்: சைன்ட் 24 பிட் பிசிஎம். பைட் ஆர்டர்: லிட்டில் எண்டியன். சேனல்: 1, மோனோ. தொடக்கத் தள்ளல்: 44. சாம்பிள் ரேட்: 48,000.

இதில் ஒரே ஒரு இடம் வழுக்கும்: அந்த 44. சில மென்பொருள்கள் முகவரிச் சீட்டை நீளமாக எழுதும். 3 பைட்டுக்கு ஒரு சாம்பிள் என்பதால், ஒரு பைட் தள்ளி ஆரம்பித்தாலும் ஒவ்வொரு சாம்பிளும் பக்கத்துச் சாம்பிளோடு குழம்பி, வயலினுக்குப் பதில் வெறும் இரைச்சல்தான் வரும். ஆகவே முதல் தடவை ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு கேளுங்கள், ஹெட்ஃபோனை மாட்டாதீர்கள். இரைச்சல் வந்தால் அந்தத் தடத்தை நீக்கிவிட்டு 45 போட்டுத் திரும்ப எடுங்கள். அதுவும் இல்லையா, 46. இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் சேரும். சேர்ந்ததும் ஆரம்பத்தில் ஒரு சின்ன "பட்" கேட்கலாம். அது முகவரிச் சீட்டின் மிச்சம். அதை மட்டும் வெட்டிவிடுங்கள்.

வயலின் வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் கேட்டால், பதிவானது 44,100இல் என்று அர்த்தம். அந்த எண்ணை மாற்றி எடுங்கள். சரியாகக் கேட்டதும் உடனே புது வேவ் கோப்பாக "எக்ஸ்போர்ட்" செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். மூன்று எண்ணும் சேரவில்லை என்றால் கோப்பின் நகலை ஒரு பென்டிரைவில் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.